மனநிலையின் வடிவம்: உளவியலாளர் கோட்பாடுகள் பற்றிய ஒரு நோக்கு

மகிழ்ச்சிக்கு எதிர்ச்சொல் யாது என வினவின், துயரம் என விடையிறுக்கச் சிறு பிள்ளையும் தயங்காது. அகராதியும் அவ்வாறே கூறும். ஆயின் மொழியிலே எதிர்ச்சொற்களாக நிற்பவை மனத்திலும் எதிர்நிலைகளாகவே நிற்கின்றனவா? ஒருவனிடத்து மகிழ்ச்சி பெருகுந்தோறும் அதே அளவிற்குத் துயரம் குறைந்தே தீருமா? அன்றி, அவை இரண்டும் ஒன்றையொன்று சாராது தனித்தனியே பெருகவும் சுருங்கவும் வல்ல இருவேறு ஆற்றல்களா? எளியதாகத் தோன்றும் இவ்வினா, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டு உளவியலாளரை இரு முகாம்களாகப் பிரித்து வைத்தது. அவ்விவாதத்தின் போக்கையும், அதனடியாகப் பிறந்த கோட்பாடுகளின் வலிமை வலுவின்மைகளையும் மதிப்பிடுதல் இங்கு நோக்கமாகின்றது.

மனவெழுச்சி, மனநிலை என்னும் இரண்டையும் முதற்கண் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். மனவெழுச்சி ஒரு பொருளைப் பற்றியது. பாம்பைக் கண்டு அஞ்சுகின்றோம், அநீதியைக் கண்டு சினக்கின்றோம். மனநிலையோ குறித்த ஒரு பொருளைப் பற்றி நில்லாது, மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் உள்ளத்தைச் சூழ்ந்து நிற்பது. காரணம் அறியாது காலை முதல் மாலை வரை மனம் கனத்திருத்தல் இதற்கு எடுத்துக்காட்டாகும். கோட்பாட்டாளர் பலர் இவ்வேறுபாட்டினை ஏற்றுக்கொண்டபோதிலும், ஆராய்ச்சியில் இறங்கியதும் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முற்பட்டமை பின்னர் எழுந்த குழப்பங்கள் சிலவற்றிற்குக் காரணமாயிற்று.

இத்துறையில் இருபெரும் மரபுகள் உள. ஒன்று, மனவெழுச்சிகளை எண்ணித் தனித்தனி வகைகளாக நிறுத்தும் மரபு. 1872 இல் டார்வின் மனிதரதும் விலங்குகளதும் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி எழுதிய நூல் இதற்கு ஊற்றாக அமைந்தது. எக்மன், பிறீசன் ஆகிய இருவரும் பப்புவா நியூகினியின் போரே மக்களிடையே முகப்படங்களைக் காட்டி நடத்திய ஆய்வினை 1971 இல் வெளியிட்டு, மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் மானிடர்க்குப் பொதுவானவை என வாதிட்டனர். (அவ்வாய்விலும் அம்மக்கள் அச்சமுகத்தையும் வியப்புமுகத்தையும் தெளிவாக வேறுபடுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது.) புளுச்சிக் 1980 இல் எட்டு அடிப்படை மனவெழுச்சிகளைச் சக்கர வடிவில் அமைத்துக் காட்டினார்.

மற்றையது, மனவெழுச்சிகளை எண்ணாது அவற்றின் அடியிலே கிடக்கும் சில பரிமாணங்களைத் தேடும் மரபு. வில்ஹெல்ம் வுண்ட் 1896 இல் இன்பம்–துன்பம், கிளர்ச்சி–அமைதி, இறுக்கம்–தளர்வு என மூன்று பரிமாணங்களை வகுத்தார். அவர் கையாண்ட முறை தன் உள்ளத்தைத் தானே நோக்கும் முறையாகும். பின்வந்தோர் அதனைக் கைவிட்டுப் புள்ளிவிவரத்தின் துணையை நாடினர். 1952 இல் சுலோஸ்பேக் முகபாவங்களை ஒரு வட்டத்தின்மீது ஒழுங்குபடுத்தலாம் எனக் காட்டினார். 1957 இல் ஒஸ்கூட்டும் அவர்தம் துணைவர்களும் சொற்களின் பொருளை அளந்து, நன்மை–தீமை, வலிமை–மென்மை, இயக்கம்–அசைவின்மை என்னும் மூன்று அச்சுகளைக் கண்டனர்.

இவ்வாய்வுகள் பலவற்றின் கருவியாக அமைந்தது காரணிப் பகுப்பாய்வு என்னும் கணித முறையாகும். ஒருவரிடம் பல அடைமொழிகள் அடங்கிய பட்டியலொன்று கொடுக்கப்படுகின்றது. ஒவ்வொரு சொல்லும் தம் அப்போதைய மனநிலைக்கு எவ்வளவு பொருந்தும் என அவர் குறியிடுகின்றார். நூற்றுக்கணக்கானோரின் விடைகளைத் திரட்டி, எச்சொல்லோடு எச்சொல் சேர்ந்து உயர்கின்றது, எச்சொல்லோடு எதிராகத் தாழ்கின்றது என்னும் இணைபுகளைக் கணித்து, அவ்விணைபுகள் அனைத்தையும் சுருங்க விளக்கவல்ல சில காரணிகளைப் பிரித்தெடுத்தலே இம்முறையின் சாரமாகும். இம்முறை சொற்களிடத்திருந்து புறப்பட்டுக் குறியீடுகளின் வழியாக மனத்தைச் சென்றடைய முயல்கின்றது என்பதனை மனங்கொள்ளல் வேண்டும். பின்வரும் சிக்கல்கள் யாவும் இப்பாதையிலேயே எழுகின்றன.

இருவேறு முடிவுகள் இவ்வழியே எய்தப்பட்டன. ஜேம்ஸ் றசல் 1980 இல் இருபத்தெட்டு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மனவெழுச்சியின் வட்ட அமைப்பினை முன்வைத்தார். வட்டத்தின் கிடையச்சு இன்பம்–துன்பம், நிலையச்சு கிளர்ச்சி–உறக்கம். இன்பத்திற்கும் கிளர்ச்சிக்கும் இடையே உற்சாகம் அமைகின்றது. கிளர்ச்சிக்கும் துன்பத்திற்கும் இடையே பதற்றம். துன்பத்திற்கும் உறக்கத்திற்கும் இடையே சோர்வு. உறக்கத்திற்கும் இன்பத்திற்கும் இடையே ஆறுதல். இவ்வமைப்பில் மகிழ்ச்சியும் துயரமும் ஒரே அச்சின் இரு முனைகளாம். ஒன்று உள்ளவிடத்து மற்றையது இல்லை.

ஐந்தாண்டுகளின் பின் வாற்சனும் ரெலகனும் பழைய ஆய்வுகள் பலவற்றின் தரவுகளை மீளப் பகுத்தாய்ந்து வேறொரு முடிவினைக் கூறினர். அவர்தம் முடிவின்படி மனநிலையின் இரு பெருங் காரணிகள் நேர்மனநிலை, எதிர்மனநிலை என்பனவாகும்; இவையிரண்டும் ஒன்றையொன்று பெரிதும் சாராதவை. ஒருவனிடத்து இரண்டும் உயர்ந்திருக்கலாம்; இரண்டும் தாழ்ந்திருக்கலாம். 1988 இல் வாற்சன், கிளாக், ரெலகன் ஆகிய மூவரும் பத்துச் சொற்கள் நேர்நிலைக்கும் பத்துச் சொற்கள் எதிர்நிலைக்குமாக இருபது சொற்கள் கொண்ட சிறு வினாக்கொத்தொன்றை வெளியிட்டனர். எளிமை காரணமாக அது உலகெங்கும் பரவி, பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

இவ்விரு கோட்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், கணித நோக்கில் நோக்குமிடத்து நிலைமை வேறாகின்றது. இரு கோட்பாட்டாளரும் வரைந்த தளம் ஒன்றே. றசலின் அச்சுகளை நாற்பத்தைந்து பாகை சுழற்றினால் வாற்சன், ரெலகன் ஆகியோரின் அச்சுகள் கிடைத்துவிடும். ஊரொன்றின் நிலப்படத்தில் வடக்கு–தெற்காகக் கோடு கீறினும் வடகிழக்கு–தென்மேற்காகக் கோடு கீறினும் ஊர் மாறுவதில்லை; வீடுகளும் வீதிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காரணிப் பகுப்பாய்வு தளத்தினைத் தருகின்றதேயன்றி, அதிலே எவ்வச்சு இயற்கையானது என்பதனைத் தானாகத் தருவதில்லை. அதனைத் தெரிவு செய்பவன் ஆய்வாளனே. எனவே, மனத்தின் அடிப்படை இதுவே எனக் கணிதம் மெய்ப்பித்துவிட்டதாக எவரேனும் கூறுவாராயின், அவர் தமது தெரிவினைக் கணிதத்தின் வாயில் வைத்துப் பேசுகின்றார் என்றே கொள்ளல் வேண்டும். எவ்வச்சு பொருத்தமானது என்பது உடலியலாலும், நடத்தையாலும், நோய்நிலை பற்றிய அறிவாலும் நாட்டப்பட வேண்டியதாகும்.

இனி, பெயரீட்டின் சிக்கல் நோக்கற்பாலது. மேற்குறித்த இருபது சொற் பட்டியலிலே நேர்நிலையைச் சுட்டும் சொற்களுள் விழிப்பு, கவனம், வலிமை, உறுதி, செயலூக்கம், ஆர்வம், பெருமிதம் ஆகியவற்றைக் குறிப்பன இடம்பெறுகின்றன. மகிழ்ச்சி என்னும் சொல் இல்லை. எதிர்நிலைச் சொற்களுள் அச்சம், வெட்கம், குற்றவுணர்வு, பதற்றம் முதலியவற்றைக் குறிப்பன உள. துயரம் இல்லை. அமைதியும் மனநிறைவும் பட்டியலின் புறத்தே நிற்கின்றன. பரீட்சைக்கு முந்திய இரவு விழித்திருந்து படிக்கும் மாணவன் கவனத்தோடும் உறுதியோடும் பதற்றத்தோடும் ஒருங்கே இருத்தல் இயல்பே. அவனை மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே உற்றவன் என எவரும் கூறார். நேர்நிலையும் எதிர்நிலையும் சாராதவை என்னும் முடிவு, அச்சொற்கள் தெரிவு செய்யப்பட்ட முறையிலேயே ஓரளவு அடங்கியிருந்தது எனலாம். 1999 இல் வாற்சனும் அவர்தம் துணைவர்களும் தம் காரணிகளை நேர்க்கிளர்ச்சி, எதிர்க்கிளர்ச்சி எனப் பெயர் மாற்றியமை இக்குறையினை அவர்களே உணர்ந்தமைக்குச் சான்றாகும். அது பாராட்டத்தக்க நேர்மை. ஆயின் பதினான்கு ஆண்டுகள் ஒரு பெயர் வழங்கியபின் அதனை மாற்றுதல் எளிதன்று. பழைய பெயரைக் கொண்டு, மகிழ்ச்சியும் துயரமும் சாராதவை என எண்ணுவோர் இன்றும் உளர்.

அளக்கும் முறையும் அளக்கப்படும் பொருளைத் திரிக்கவல்லது. 1960 களில் நவ்லிஸ் தயாரித்த அடைமொழிப் பட்டியலிலே எதிரெதிர் முனைகள் தோன்றும் என அவர் எதிர்பார்த்திருந்தும் அவை தோன்றவில்லை. 1972 இல் மெடிஸ் இதற்கான காரணம் ஒன்றைச் சுட்டினார். அப்பட்டியலில் ஆம் என்பதற்கு இரு படிகளும் இல்லை என்பதற்கு ஒரு படியும் இருந்தன. இச்சமமின்மையை நீக்கியதும் எதிர்முனைகள் வெளிப்பட்டன. 1993 இல் கிறீன், கோல்ட்மன், சலோவே ஆகியோர், விடையளிப்பதில் நேரும் வழுக்களைப் பல அளவீட்டு முறைகளைக் கொண்டு நீக்கிப் பார்ப்பின் மகிழ்ச்சியும் துயரமும் பெரும்பாலும் எதிர்முனைகளாகவே நிற்கும் எனக் காட்டினர். எல்லாவற்றிற்கும் ஓரளவு ஆம் என்று குறியிடும் பழக்கமுடையோர் பலராயின், எதிர்ச்சொற்கள் இரண்டும் சேர்ந்தே உயர்வனபோலத் தோற்றும் என்பது இதன் விளக்கமாகும்.

காலமும் இங்கு முக்கியமானது. டீனரும் எமன்சும் 1984 இல் காட்டியவாறு, கணப்பொழுதைப் பற்றிக் கேட்டால் இன்பமும் துன்பமும் ஒன்றையொன்று விலக்குகின்றன. நீண்ட காலத்தைப் பற்றிக் கேட்டால் அவை சாராதவை ஆகின்றன. இது வியப்பன்று. ஓராண்டில் மிகுதியாக மகிழ்ந்தவன் அதே ஆண்டில் மிகுதியாக அழுதிருக்கவும் கூடும். இரு முகாமினரும் வெவ்வேறு கால அளவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒருவரையொருவர் மறுத்த சந்தர்ப்பங்களும் இருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், கணப்பொழுதிற்கூட இரண்டும் சேர்ந்து நிற்றல் அறவே இயலாதா? 2001 இல் லார்சன், மக்கிரோ, கசியோப்போ ஆகியோர் இதனை நேரடியாகவே வினவினர். ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ என்னும் இத்தாலியத் திரைப்படத்தைப் பார்த்து வெளிவந்தோரிடமும், விடுதியை விட்டு வெளியேறும் நாளன்று மாணவரிடமும், பட்டமளிப்பு நாளன்று பட்டதாரிகளிடமும் கேட்டபோது, மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே உற்றதாகக் கூறியோர் சாதாரண வேளைகளிலும் பார்க்கக் கூடுதலாக இருந்தனர். எதிர்த்தரப்பினர் இரண்டும் விரைந்து மாறிமாறி வருகின்றன எனக் கூறலாம். ஆயின் கல்விக்கழகத்தை விட்டு நீங்கும் நாளை அறிந்தவர்க்கு, அவ்விடையினை ஏற்றுக்கொள்வது எளிதன்று. பெரும்பாலான வேளைகளில் மகிழ்ச்சியும் துயரமும் எதிர்முனைகளே. சிற்சில வேளைகளில், சிறப்பாக ஒரு பேறும் ஓர் இழப்பும் ஒரே நிகழ்ச்சியில் அடங்கியிருக்கும் வேளைகளில், அவை கூடி நிற்கின்றன என்பதே இதுவரை கிடைத்த சான்றுகளுக்குப் பொருந்தும் முடிவாகத் தோன்றுகின்றது.

இவற்றிலும் அடிப்படையான குறையொன்று உண்டு. றசலின் வட்டத்திலே அச்சமும் சினமும் அடுத்தடுத்து அமர்கின்றன. இரண்டும் துன்பமானவை, இரண்டும் கிளர்ச்சி மிக்கவை என்பதே காரணம். ஆயின் வாழ்க்கையில் அச்சமுற்றவன் பின்வாங்குகின்றான், சினமுற்றவன் முன்னேறுகின்றான். இவ்விரண்டையும் வேறாக்குவது இன்பதுன்ப அளவன்று. எப்பொருள் பற்றி, எச்சூழலில், எவ்வலிமை நிலையில் அது எழுந்தது என்பதே. இங்கு தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் முறை நினைவுகூரத்தக்கது. அது எட்டு மெய்ப்பாடுகளை எண்ணுவதோடு அமையாது, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களங்களையும் கூறுகின்றது. வெகுளிக்குக் கூறப்படுவன உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், வருத்துதல், கொல்லுதல் ஆகிய கொடுமைகள். அச்சத்திற்குக் கூறப்படுவன தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் எனத் தன்னின் மேம்பட்ட வலிமைகள். வெகுளி பிறர் செய்த தீங்கிலிருந்தும், அச்சம் தன்னின் வலியதன் முன்னிலையிலிருந்தும் பிறக்கின்றன என்னும் வேறுபாடு அங்கு தெளிவாக உளது. மெய்ப்பாட்டியல் செய்யுளுறுப்பை விளக்க எழுந்ததேயன்றி உளவியல் நூலன்று. மேலைநாட்டார் கண்டவையெல்லாம் முன்னரே அங்கு உள என வாதிடுதல் ஆராய்ச்சிக்கு அழகாகாது. ஆயினும் நிலைக்களத்தை நீக்கி மனவெழுச்சியை வரையறுத்தல் இயலாது என்னும் உணர்வு அந்நூலிற் காணப்படுகின்றது. வட்டத்தில் அவ்வுணர்வு இல்லை.

இக்குறையினை மேலைநாட்டாரே உணராமலில்லை. 2007 இல் பொன்ரைன், ஷேரர், ரோஷ், எல்ஸ்வேத் ஆகியோர் ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு ஆகிய மும்மொழிகளில் இருபத்துநான்கு மனவெழுச்சிச் சொற்களை ஆராய்ந்து, இரு பரிமாணங்கள் போதா. இன்பதுன்பம், ஆற்றலும் கட்டுப்பாடும், கிளர்ச்சி, எதிர்பாராமை என நான்கு வேண்டும் என்றனர். அச்சமும் சினமும் ஆற்றல் என்னும் பரிமாணத்திலே பிரிந்துவிடுகின்றன. 2017 இல் கோவனும் கெல்ற்னரும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட சிறு காணொளிகளைக் காட்டிப் பெற்ற விடைகளிலிருந்து இருபத்தேழு வகைகளை வேறுபடுத்தினர். றசல் தாமும் 2003 இல் தம் கோட்பாட்டினை வரையறுத்து, வட்டம் காட்டுவது மனவெழுச்சியின் முழுமையையன்று, அதன் அடியிலே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மூலவுணர்வினை மட்டுமே எனத் தெளிவுபடுத்தினார். இவ்வடக்கம் கோட்பாட்டின் மதிப்பைக் குறைக்கவில்லை, உயர்த்துகின்றது.

மொழி பற்றிய வினா எஞ்சி நிற்கின்றது. மேற்கூறிய ஆய்வுகளுட் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களைக் கொண்டு, பெரிதும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்தப்பட்டவை. கதரின் லட்ஸ் 1988 இல் மைக்குரோனேசியாவின் இபலுக் தீவு மக்களைப் பற்றி எழுதிய நூலிலே ‘பாகோ’ என்னும் சொல்லை விளக்குகின்றார். அன்பு, இரக்கம், துயரம் மூன்றும் அதனுள் ஒன்றாக அடங்குகின்றன. இச்சொல்லை வட்டத்தில் இன்பப் பக்கத்தில் வைப்பதா, துன்பப் பக்கத்தில் வைப்பதா? 2019 இல் ஜாக்சனும் துணைவர்களும் 2,474 மொழிகளின் சொற்றொகுதிகளை ஒப்பிட்டபோது, மனவெழுச்சிச் சொற்களின் பொருட்டொடர்பு மொழிக்குடும்பத்திற்கு மொழிக்குடும்பம் பெரிதும் வேறுபடுவதனையும், அவ்வேறுபாட்டின் ஊடே இன்பதுன்பமும் கிளர்ச்சியும் பொதுக் கூறுகளாக நிற்பதனையும் கண்டனர். எனவே வட்டத்தின் இரு அச்சுகளும் வெறும் ஆங்கிலக் கற்பனை எனத் தள்ளிவிடல் இயலாது. அவற்றின்மீது எச்சொல் எங்கு அமரும் என்பதே மொழிதோறும் வேறுபடுகின்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இலங்கைச் சமூகத்தை ஆராய்ந்த கணநாத் ஒபயசேகர 1985 இல் வெளியான கட்டுரையொன்றிலே, மேலைநாட்டு மருத்துவன் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாகக் கொள்ளும் நம்பிக்கையின்மையும் துயரமும், வாழ்க்கை துன்பமயமானது எனக் கொள்ளும் பௌத்தப் பண்பாட்டிலே நோயாகாது தத்துவ நோக்காகவும் நிற்கக்கூடும் என எடுத்துக்காட்டினார். போரினாலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினாலும் இழப்புகளைச் சுமந்த இந்நாட்டிலே, பிறமொழி வினாக்கொத்துகளைப் பெயர்த்துத் துயரத்தை எண்ணால் அளப்போர் இதனை மறத்தல் ஆகாது. ஆங்கிலப் பட்டியலின் ஒரு சொல்லுக்குத் தமிழில் பெருமிதம் என எழுதுவதா, கருவம் என எழுதுவதா என்னும் தெரிவு மொழிபெயர்ப்பாளனின் சிறு தொல்லை போலத் தோன்றலாம். முன்னதற்கு ஆம் என்பவர் பின்னதற்கு இல்லை என்பார். பெறப்படும் எண்ணோ மாறிவிடும். அவ்வெண்ணைக் கொண்டே உதவி வேண்டுவோர் யாவர் எனத் தீர்மானிக்கப்படுகின்றது.

அவ்வாறாயின் இக்கோட்பாடுகளால் விளைந்த பயன் யாது? பயன் உண்டு. கிளாக்கும் வாற்சனும் 1991 இல், மனச்சோர்வும் பதகளிப்பும் ஏன் அடிக்கடி சேர்ந்து தோன்றுகின்றன என்பதற்கு இவ்வழியே விளக்கம் கூறினர். எதிர்மனநிலையின் மிகுதி இரண்டிற்கும் பொது. நேர்மனநிலையின் குறைவு மனச்சோர்விற்குச் சிறப்பு. உடற்கிளர்ச்சியின் மிகுதி பதகளிப்பிற்குச் சிறப்பு. இதிலிருந்து பெறப்படும் உண்மை எளியது, ஆயினும் கனதியானது. துயரத்தை நீக்குதல் வேறு, மகிழ்ச்சியை மீட்டல் வேறு. அழுகை நின்றவர் யாவரும் நலம் பெற்றவர் ஆகார். எதிலும் நாட்டமின்றி, அழவும் இயலாது, வெறிதே இருப்பவரின் நிலை ஒற்றை அச்சினால் அளப்போர் கண்ணுக்குத் தவறிப்போகும். வாற்சன், ரெலகன் ஆகியோரின் அச்சுகள் கணிதத்தால் நாட்டப்படாவிடினும், இத்தகைய பயன்பாட்டினால் தம் தகுதியை ஓரளவு நாட்டிக்கொண்டன எனலாம்.

தொகுத்து நோக்குமிடத்து, மனநிலையின் வடிவம் ஒன்றே எனவும் அதனைத் தாமே கண்டதாகவும் கூறும் உரிமை இரு முகாமினர்க்கும் இல்லை. வட்டம் கணப்பொழுதின் மூலவுணர்வினைக் காட்ட உகந்தது; இரட்டைக் காரணிகள் நீண்டகால மனநிலையையும் நோய்நிலையையும் விளக்க உகந்தவை; எதனைப் பற்றி அஞ்சினான், எவர்மீது சினந்தான் என்னும் வினாவிற்கு இரண்டுமே விடை தரா. முதலில் எழுப்பப்பட்ட வினாவிற்கு இனி விடை கூறலாம். மகிழ்ச்சியும் துயரமும் அகராதியில் எப்போதும் எதிர்ச்சொற்கள். மனத்திலோ பெரும்பாலும் எதிர்நிலைகள், எப்போதும் அல்ல. அவை கூடி நிற்கும் வேளைகளே மனிதன் தன் வாழ்வில் மறவாது பேணும் வேளைகளாகப் பலவிடத்தும் அமைகின்றன. தமிழிலே மனநிலையை அளக்க விரும்பும் வருங்கால ஆய்வாளர், ஆங்கிலச் சொற்பட்டியலைப் பெயர்ப்பதிலிருந்து தொடங்காது, தமிழ் மக்கள் தம் இன்பதுன்பங்களைச் சொல்ல வழங்கும் சொற்களைத் திரட்டுவதிலிருந்து தொடங்குவாராயின், அவ்வேளைகளுக்கும் அவர்தம் அளவுகோலிலே இடம் கிடைக்கும்.